கடற்பாசி வைரஸைத் தடுக்குமா? கல்லாவில் இருப்பவர் சொல்ல வேண்டிய பதில்



மாட்டுத்தாவணியில் மொத்த மளிகை வியாபாரம் செய்துவரும் நான் பள்ளிப் படிப்போடு கல்லாவுக்கு வந்தவன். விஞ்ஞான விஷயம் எழுத இவருக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்விதான். நம் கடைகளில் ஒரு பொருள் இருக்கிறது. அதைப் பற்றி வாடிக்கையாளர் ஒரு கேள்வி கேட்கிறார். அந்தக் கேள்விக்குத் தவறான பதில் சொல்லி ஒரு குடும்பத்தைத் தவிக்க விட்டவன் நான். அந்த ஒரு தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பொருள் கடற்பாசி. கேள்வி இதுதான்: "இது வைரஸ் காய்ச்சலைத் தடுக்குமாமே, உண்மையா?"

நான் செய்த பிழை

2020ஆம் ஆண்டு ஊரடங்கு நாட்களை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். இரவு பகல் தூங்காத நம் மாட்டுத்தாவணி பஸ் நிலையம் ஒரு பஸ்கூட இல்லாமல் வெறிச்சோடிக் கிடந்தது. அந்த ஆகஸ்டு மாதத்தில் ஒரு விற்பனைப் பிரதிநிதி என் கடைக்கு வந்தார். கடல் அலை படம் போட்ட பச்சை நிற டப்பா ஒன்றை மேஜையில் வைத்தார். "கடற்பாசி மாத்திரை. வைரஸை ஒழிக்கும் இயற்கைச் சத்து. அமெரிக்காவிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று பத்திரிகைச் செய்தி ஒன்றின் நகலையும் காட்டினார். நமக்குக் கிடைக்கும் கமிஷன் நூற்றுக்கு 35. நான்கு பெட்டி எடுத்துக்கொண்டேன்.

மேலூர்ப் பக்கத்திலிருந்து 22 வருடமாக என்னிடம் சரக்கு எடுக்கும் ஒரு சில்லறைக் கடைக்காரரிடம், "கொண்டு போங்க தம்பி, கடல் சாமான், கெடுதல் ஒண்ணும் வராது" என்று சொல்லிக் கொடுத்தேன். அவருடைய அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. பரிசோதனைக்குப் போகாமல் அந்த மாத்திரையையே ஐந்து நாள் கொடுத்திருக்கிறார்கள். ஆறாம் நாள் மூச்சு விட முடியவில்லை. ஆஸ்பத்திரியில் 17 நாள் ஆக்சிஜன் வைத்துப் பிழைத்து வந்தார். அது கடவுள் செயலும் டாக்டர்களின் உழைப்பும்.

பிறகு அந்தத் தம்பி மீதி டப்பாக்களைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "அண்ணாச்சி, நீங்க சொன்னீங்கன்னுதான் குடுத்தோம்" என்றார். அவ்வளவுதான். கோபப்பட்டுப் பேசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மாட்டுத்தாவணி என்ற பெயரே மாட்டுச் சந்தையால் வந்தது. சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாடு வாங்குகிறவனை ஊரே சிரிக்கும். அந்தப் பெயர் கொண்ட இடத்தில் கடை வைத்துக்கொண்டு, பல்லைப் பார்க்காமல் நான் சரக்கு வாங்கினேன். விற்ற கடைகளுக்கெல்லாம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். என் நஷ்டம் முப்பத்தெட்டாயிரம் ரூபாய். நஷ்டம் போகட்டும், விஷயத்தையாவது தெரிந்துகொள்வோம் என்று, கல்லூரியில் தாவரவியல் நடத்தும் என் தம்பி மகளை உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன்.

நம் கடையில் இருப்பது எந்தப் பாசி?

கடற்பாசி என்பது ஒரே சரக்கு அல்ல. அரிசி என்றால் பொன்னி, சீரகச் சம்பா, இட்லி அரிசி என்று பல இருப்பது போல இதிலும் பல வகை உண்டு. ராமநாதபுரம் கடற்கரை மக்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி ஆகிய சிவப்புப் பாசிகளிலிருந்து அகர் எடுக்கிறார்கள். கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசிகளிலிருந்து ஆல்ஜின் என்ற பொருளை எடுக்கிறார்கள். இது துணிக்குச் சாயம் அச்சிடுவதற்கும், ஐஸ்கிரீமுக்கும் போகிறது.

நாம் சைனா கிராஸ் என்றும் கடல்பாசி என்றும் விற்பது இந்த அகர்தான். ரம்ஜான் மாதம் வந்தால் நோன்பு திறக்கும் வீடுகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கடல்பாசி காய்ச்சாத வீடு குறைவு. கோடையில் ஜிகர்தண்டாக் கடைக்காரர்களும் கேட்டு வாங்குகிறார்கள். இந்த அகரைத் தயாரிக்கும் ஆலைகள் நம் மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பல வருடங்களாக இயங்கி வருகின்றன. மன்னார் வளைகுடாவில் பறிக்கும் பாசி லாரியேறி மதுரைக்கு வந்து அகராகி வெளியூர் போகிறது என்பது நம்மில் பலருக்கே தெரியாது.

மூன்றாவதாக ஒன்று உண்டு. மண்டபம் பக்கத்தில் மூங்கில் மிதவை கட்டி வளர்க்கும் கப்பாபைக்கஸ் என்ற வெளிநாட்டுப் பாசி. 2000க்குப் பிறகு பெப்சி நிறுவனம் இந்த வளர்ப்பில் இறங்கியதால் கடற்கரை மக்கள் இன்றும் இதைப் "பெப்சி பாசி" என்றே சொல்கிறார்கள். இதிலிருந்து காராஜீனன் என்ற பொருள் எடுக்கப்படுகிறது. பால் பொருட்கள், இறைச்சிப் பண்டங்கள், பற்பசை இவற்றைக் கெட்டிப்படுத்த இதைச் சேர்க்கிறார்கள். பாக்கெட் உணவில் 406 என்ற எண் இருந்தால் அது அகர், 407 என்றால் காராஜீனன் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

விஞ்ஞானிகள் கண்டது என்ன?

வைரஸைப் பற்றிய பேச்சு முழுப் பொய்யா என்றால், இல்லை. 1958ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. ஜெலிடியம் என்ற சிவப்புப் பாசியின் சாற்றைக் கருவுற்ற கோழி முட்டைக்குள் செலுத்தினார்கள். இன்புளுயன்சா பி வைரஸ், புட்டாலம்மை வைரஸ் இரண்டிலிருந்தும் முட்டைக்குள் இருந்த கரு காப்பாற்றப்பட்டது. பிறகு உலகெங்கும் ஆராய்ச்சி வளர்ந்தது. நம் தமிழ்நாட்டில் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்து ஆய்வாளர்களும் கடற்பாசி, கடற்புல், அலையாத்திச் செடி முதலியவற்றை வைரஸ்களுக்கு எதிராகச் சோதித்து 1992இல் வெளியிட்டிருக்கிறார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது? நம் பாஷையில் சொல்கிறேன். பாசியில் இருப்பது நீளமான சர்க்கரைச் சங்கிலி. அந்தச் சங்கிலியில் கந்தகம் சேர்ந்த சல்பேட் என்ற சத்து ஆங்காங்கே தொங்குகிறது. அதற்கு எதிர் மின்னேற்றம் உண்டு. நம் உடம்பின் செல்களுக்கு மேலேயும் இதே மாதிரி சல்பேட் சங்கிலிகள் இருக்கின்றன. பல வைரஸ்கள் முதலில் அதைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைகின்றன. பாசிச் சங்கிலி வழியில் கிடந்தால் வைரஸ் அதில் ஒட்டிக்கொள்கிறது, செல்லின் கதவுக்குப் போவதில்லை. கடை வாசலில் வெளியே ஒரு போலிக் கதவு வைத்தால் திருடன் அதையே உடைத்துக்கொண்டு நிற்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டியது, இங்கே வைரஸ் சாகவில்லை. மறிக்கப்படுகிறது. வெளியில் மறிக்க முடியும். உள்ளே போய்ப் பெருகிவிட்ட பிறகு அதே வேலையை எதிர்பார்க்க முடியாது. "வைரஸ் கொல்லி" என்று டப்பாவில் போட்டது முதல் பொய்.

பழுப்புப் பாசியில் உள்ள பியூகாய்டன் என்ற பொருளும் இப்படித்தான். 2020இல் அமெரிக்காவின் ரென்சலேர் கல்வி நிலையத்து ஆய்வாளர்கள் இதைக் கொரோனா வைரஸுக்கு எதிராகச் சோதித்தார்கள். ஆய்வுக்கூடச் செல்களில் அப்போது கொடுக்கப்பட்டுவந்த ரெம்டெசிவிர் மருந்தைவிட இது நன்றாகத் தடுத்தது. பிரதிநிதி எனக்குக் காட்டிய செய்தி இதுதான். செய்தி உண்மை. ஆனால் சோதனை நடந்தது கண்ணாடித் தட்டில் உள்ள செல்களில், மனிதருக்கு அல்ல என்ற வரியை அவர் படித்துக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

டெங்கு விஷயத்தையும் சொல்ல வேண்டும். மழைக்காலம் வந்தால் நம் ஊரில் அந்தப் பயம் வருகிறது. ஜப்பானின் ஒகினாவாத் தீவில் மக்கள் உண்ணும் மொசுக்கு என்ற பாசியின் பியூகாய்டன், டெங்கு வைரஸின் இரண்டாம் வகையை ஆய்வுக்கூடத்தில் நன்றாகத் தடுத்தது என்று 2008இல் கண்டார்கள். ஆனால் டெங்கு நான்கு வகை. மற்ற வகைகளிடம் அது சரியாகப் பலிக்கவில்லை. நாலு பூட்டுள்ள கதவில் ஒரு பூட்டுக்கு மட்டும் சாவி கிடைத்த கதை. கடைக்கு வருகிறவருக்கு எந்த வகை டெங்கு என்று நமக்குத் தெரியுமா?

ஆய்வுக்கூடம் வேறு, மனித உடம்பு வேறு

இதற்கு மிகப் பெரிய பாடம் தென்னாப்பிரிக்காவில் கிடைத்தது. காராஜீனன் எய்ட்ஸ் வைரஸை ஆய்வுக்கூடத்தில் தடுத்ததால், பெண்களைப் பாதுகாக்கும் ஜெல்லாக அதைத் தயாரித்து 'காராகார்ட்' என்று பெயர் வைத்தார்கள். மூன்று இடங்களில் 6,202 பெண்களைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு உண்மை ஜெல், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் ஜெல். யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. 2008இல் முடிவு வந்தது. உண்மை ஜெல் பெற்றவர்களில் 134 பேருக்கும், வெறும் ஜெல் பெற்றவர்களில் 151 பேருக்கும் தொற்று வந்திருந்தது. இந்தச் சிறு வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது என்பதால், அது எய்ட்ஸைத் தடுக்கும் என்று காட்ட முடியவில்லை என்று அவர்களே அறிவித்தார்கள். பல பெண்கள் ஒவ்வொரு முறையும் ஜெல்லைப் பயன்படுத்தவில்லை என்பதும் தெரியவந்தது.

இத்தனை ஆண்டு உழைப்பும் பணமும் போட்டு, கடைசியில் "பலன் இல்லை" என்று ஊரறியச் சொன்னார்களே, அந்த நேர்மையை வணிகர்களாகிய நாம் கும்பிட வேண்டும். நான்கு பெட்டி மாத்திரைக்காக உண்மையை மறைத்தவரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நல்ல செய்தியும் உண்டு. அர்ஜென்டினா நாட்டில் கொரோனா நோயாளிகளைக் கவனித்த டாக்டர்கள், நர்சுகள் முதலிய 394 பேரிடம் மூக்கில் பீச்சும் மருந்து ஒன்றைச் சோதித்தார்கள். அயோட்டா காராஜீனன் என்ற வகை கலந்த திரவம் அது. மூன்று வாரத்தில் மருந்து பெற்ற 196 பேரில் 2 பேருக்கும், வெறும் உப்புநீர் பெற்ற 198 பேரில் 10 பேருக்கும் நோய் வந்தது. 2021இல் வெளியான இந்த முடிவு நம்பிக்கை தருகிறது. ஆனாலும் 12 பேரின் கணக்கை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. தடுப்பூசிக்குப் பதிலாக இதைச் சொல்லவும் முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. நியூசிலாந்துக் கடலில் எடுத்த கிரிபித்சியா என்ற சிவப்புப் பாசியிலிருந்து அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவன விஞ்ஞானிகள் ஒரு புரதத்தைப் பிரித்து 2005இல் அறிவித்தார்கள். மிகச் சிறிய அளவிலேயே அது எய்ட்ஸ் வைரஸைத் தடுக்கிறது. பாசியிலிருந்து போதிய அளவு கிடைக்காது என்பதால் புகையிலை இனச் செடியில் அதை விளைவிக்கும் வழியையும் கண்டார்கள். நம் மாநிலக் கடற்பாசிகளைக் கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் ஆராய்ந்து மூட்டுவலி, சர்க்கரை நோய் முதலியவற்றுக்கான துணை உணவுகளை உருவாக்கியிருக்கிறது. இந்த நிலையம் 1947இல் நம் மண்டபத்தில் தொடங்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. ஆக, கதவு மூடவில்லை. வேலை நடந்துகொண்டிருக்கிறது. முடியாத வேலையை முடிந்ததாகச் சொல்லி விற்பதுதான் குற்றம்.

தின்றால் போய்ச் சேருமா?

மூக்கில் பீச்சிய மருந்து வைரஸ் வரும் வாசலிலேயே நிற்கிறது. வாயில் போட்ட மாத்திரை வயிற்றுக்குப் போகிறது. இந்தப் பாசிச் சங்கிலிகள் மிகப் பெரியவை. குடலில் எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. பெரும்பகுதி நார்ச்சத்து போலவே வெளியேறிவிடுகிறது. முன்வாசலில் திருடன் வரும்போது கொல்லைப்புறத்தில் காவல் போட்டு என்ன பயன்?

நம் சைனா கிராஸ் விஷயம் இன்னும் வேடிக்கை. கஞ்சிப் பாசியிலிருந்து அகர் எடுக்கும்போது, கட்டி நன்றாக உறைய வேண்டும் என்று காரம் சேர்த்துச் சல்பேட்டைக் குறைக்கிறார்கள். சல்பேட் குறையக் குறைய அகர் கெட்டியாக உறையும். அதாவது வைரஸை மறிக்கும் சத்து எதுவோ, அதை நீக்கினால்தான் சமையலுக்கு நல்ல சரக்கு! 1881இல் ஜெர்மனியில் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தோடு தொடர்புடைய பேனி ஹெஸ் என்ற பெண்மணி, தன் சமையலறையில் ஜெல்லி செய்யப் பயன்படுத்திய அகரைக் கிருமி வளர்க்கும் தட்டுக்குச் சிபாரிசு செய்தார். இன்றும் உலகின் எல்லா ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடங்களிலும் கிருமிகளை வளர்ப்பது அகர் மேல்தான். கிருமி சுகமாக வளரும் பொருளைக் கிருமி நாசினி என்று விற்கலாமா?

கடையில் நாம் செய்ய வேண்டியது

ஒன்று: கடற்பாசியை உணவாக விற்போம். கோடைக்குக் குளிர்ச்சியான பண்டம், ஜெலட்டின் சாப்பிடாத சைவர்களுக்கு ஏற்றது, நார்ச்சத்து உள்ளது. இவ்வளவு சொன்னால் போதும், சரக்கு தானாக நகரும்.

இரண்டு: மாத்திரை, பவுடர் என்று வந்தால் பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், தயாரிப்பாளர் முகவரி, எந்தப் பாசி, எவ்வளவு அளவு என்பதைப் பாருங்கள். துணை உணவு டப்பாக்களில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற வாசகம் இருக்க வேண்டும் என்பது விதி. அதே டப்பாவில் நோய் தீரும் என்று போட்டிருந்தால் திருப்பி அனுப்புங்கள். ஜி.எஸ்.டி. பில் இல்லாத சரக்கை உள்ளே விடாதீர்கள்.

மூன்று: 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவின்படி தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. நோயைத் தீர்க்கும் என்ற விளம்பரங்களுக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. கடையில் ஒட்டும் போஸ்டரும், வாட்ஸ்அப்பில் அனுப்பும் படமும் விளம்பரம்தான். கம்பெனிக்காரர் கொடுத்தார் என்று சொல்லித் தப்ப முடியாது.

நான்கு: தைராய்டு கோளாறு உள்ளவர்கள் பாசி மாத்திரை கேட்டால் டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்; பழுப்புப் பாசிகளில் அயோடின் மிக அதிகம். பியூகாய்டனுக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் குணம் உண்டு. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அப்படியே.

ஐந்து: காய்ச்சல் என்று யார் வந்து நின்றாலும் நம் பதில் ஒன்றே: "முதலில் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்." இந்த வார்த்தைக்குக் கமிஷன் கிடையாது. ஆனால் அந்தக் குடும்பம் நாற்பது வருடத்துக்கு நம் கடைக்கே வரும்.

நம் கடல், நம் சரக்கு

கடைசியாக ஒரு வார்த்தை. இந்தப் பாசியைப் பறித்துக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். பாம்பன், சின்னப்பாலம் பகுதிகளில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடலில் இறங்கி, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பாசி எடுக்கிறார்கள். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா ஆன பிறகு அவர்கள் பிழைப்பு இன்னும் சிக்கலானது. அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு, கடலைக் கெடுக்காமல் பாசி எடுக்கும் முறைக்காக 2015இல் சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை.

ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. வரும் காலத்தில் பாசிச் சரக்கு பெருகும். உரம், உணவு, மருந்து என்று பலவும் நம் கடைக்கு வரும். அவற்றில் நல்ல சரக்கு நிலைக்க வேண்டுமானால், பொய்ச் சரக்கு இன்றே வெளியே போக வேண்டும். நூறு பேர் ஏமாந்த பிறகு உண்மையான மருந்து வந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அப்போது நஷ்டம் நமக்கு மட்டுமல்ல, மூச்சடக்கி மூழ்குகிற அந்தத் தாய்மார்களுக்கும்தான்.

மேலூர்த் தம்பி இன்றும் என்னிடம்தான் சரக்கு எடுக்கிறார். அவருடைய அண்ணனும் நலமாக இருக்கிறார். போன ரம்ஜானுக்கு முன்பு வந்து ஐந்து கிலோ கடல்பாசி கேட்டார். எடை போட்டுக் கொடுத்தேன். "இது எதுக்கு நல்லது அண்ணாச்சி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். "பால்ல காய்ச்சிச் சாப்பிட நல்லது தம்பி" என்றேன்.

அன்றைக்கும் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். நீங்களாவது முதலிலேயே சொல்லுங்கள்.